பினாங்கில் ஒரு ராலேக்கு மூன்று விலை

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதிய கப்பல்களில் ஆட்கள், மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள், அவ்வளவுதான். கார்க்காரர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சைக்கிள்காரருக்கோ ராஜமரியாதை. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறலாம், ஓரமாகச் சாய்த்து வைக்கலாம், கடற்காற்று வாங்கிக்கொண்டே ஜார்ஜ்டவுனில் இறங்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அப்படிப் போனது ஊர் சுற்றுவதற்காக மட்டும் இல்லை. இரண்டு சைக்கிளுக்கு விலை விசாரிக்க வேண்டியிருந்தது.

சைக்கிள்கள் என்னுடையவை அல்ல. நிபோங் திபாலில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறார். அவருடைய மகனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. படிப்புக்கு ஒரு மடிக்கணினி வாங்கியாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இரண்டு சைக்கிள்கள் சும்மா நின்றன. ஒன்று, அக்காவின் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது ஓட்டிய கறுப்பு ராலே. மற்றொன்று, 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்த நேரத்தில் அக்காவின் கணவர் 4,200 ரிங்கிட் கொடுத்து வாங்கிய ரோடு பைக். ஒரு வருடம் ஓட்டினார். பிறகு முட்டிவலி வந்தது, சைக்கிள் கொட்டகைக்குப் போனது.

பழைய இரும்பு வாங்க வருபவர் ராலேயைப் பார்த்துவிட்டு 150 வெள்ளி தருவதாகச் சொல்லியிருந்தார். பழசைக் கொடுத்துவிட்டு நல்ல சைக்கிளை வைத்துக்கொள்ளலாம் என்பது அக்காவின் கணக்கு.

“நீங்க ரேடியோவுல எத்தனையோ பேரப் பேட்டி எடுக்கிறீங்க தம்பி. இதுக்கு வெல தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டார்.

பினாங்கில் இருப்பார்கள் என்று சொன்னேன். பழைய பொருளுக்குப் பெயர்போன ஊர் அது. உறவினர் ஒருவரின் வேனில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த் வந்தோம். தாத்தாவின் ராலேயைப் பேரனும், அப்பாவின் ரோடு பைக்கை நானும் தள்ளிக்கொண்டு கப்பலேறினோம்.

கப்பலில் கிடைத்த முதல் பாடம்

எங்களுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் நின்றார். காலடியில் சின்னப் பெட்டிபோல மடித்து வைத்த பிராம்ப்டன் சைக்கிள். ராலேயைப் பார்த்ததும் தானாகவே பேச்சுக்கொடுத்தார். தன்னுடையதும் இரண்டாம் கையாக வாங்கியதுதான் என்றார். புது விலையிலிருந்து பெரிதாகக் குறையவே இல்லையாம்.

பிராம்ப்டன் ஏன் விலை இறங்காமல் நிற்கிறது என்பதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1975-இல் தன் அறையில் இதை வடிவமைக்கத் தொடங்கினார். சன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே சைக்கிளுக்கும் வைத்தார். அதன்பின் எத்தனையோ திருத்தங்கள் வந்தும் அடிப்படை மடிப்பு மாறவில்லை. 20 வருடம் ஓடிய வண்டிக்கும் இன்று புதிதாக வரும் உதிரிப்பாகங்களில் பெரும்பாலானவை பொருந்தும். உதிரி கிடைக்கும் பொருளை வாங்குபவர் பயப்படுவதில்லை. வாங்குபவர் பயப்படாதபோது விற்பவர் விலையைக் குறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம், அது இடத்தை அடைக்காமல் பயணம் செய்கிறது. சிங்கப்பூரில் எம்.ஆர்.டி ரயிலில் மடிக்கும் சைக்கிளை ஏற்ற அளவு வரம்பு உண்டு: மடித்த நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம். பிராம்ப்டன் அதற்குள் சுலபமாக அடங்கிவிடும். வீட்டிலிருந்து ரயில், ரயிலிலிருந்து அலுவலகம் என்று தினமும் உழைக்கும் பொருளுக்கு வாங்க ஆள் எப்போதும் இருக்கும்.

“அப்ப அப்பாவோட சைக்கிளுக்கு?” என்று பையன் என்னைப் பார்த்தான். இளைஞர் ரோடு பைக்கைக் குனிந்து பார்த்தார். கியரைத் தட்டினார். “நல்ல வண்டிதான். ஆனா வாங்குன வெலய மறந்துடுங்க” என்றார். ஏன் என்று கேட்பதற்குள் கப்பல் கரையைத் தொட்டுவிட்டது.

லோரோங் கூலிட்

துறைமுகத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். ஞாயிறு காலை என்பதால் சாலை காலியாக இருந்தது. ராலே கிறீச் கிறீச்சென்று முன்னால் போக, ரோடு பைக் சத்தமே இல்லாமல் பின்னால் போனது. நகர அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தை. மலாயில் ‘கூலிட்’ என்றால் தோல். முன்பு ஜாலான் பிந்தால் தாலியில் கடை விரித்திருந்த பழைய பொருள் வியாபாரிகள் பிறகு இங்கே மாற்றப்பட்டார்கள். காலையில் கூடும் சந்தை இது. மதியத்துக்குள் கலைந்துவிடும்.

தரையில் விரித்த தார்பாயில் பழைய நாணயங்கள், கைக்கடிகாரங்கள், எனாமல் தூக்குச்சட்டிகள், இசைத்தட்டுகள், ஒற்றைக் காலணிகள்கூட. நடுநடுவே சைக்கிள் சாமான்கள்: மணி, பெடல், விளக்கு, தோல் கிழிந்த இருக்கைகள். முழுச் சைக்கிளைவிடத் துண்டு துண்டான சைக்கிள்களே அதிகம்.

ராலேயைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவுடன் மூன்று பேர் நிறுத்தினார்கள். முதலாமவர் முழு வண்டியைக் கேட்கவே இல்லை. முன்விளக்கை மட்டும் விலை கேட்டார். அது பர்மிங்ஹாம் லூகாஸ் நிறுவனத்து விளக்கு. இரண்டாமவர் இருக்கையைத் தடவிப் பார்த்தார். பின்பக்கம் சின்னப் பித்தளைத் தகட்டில் புரூக்ஸ் என்று இருந்தது. 1866-இல் தொடங்கிய நிறுவனம், இன்றும் தோல் இருக்கை செய்கிறது. “சீட்டுக்கு மட்டும் 120 வெள்ளி, இப்பவே” என்றார். இரும்புக்காரர் முழு வண்டிக்குச் சொன்ன விலையில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கை ஒன்றுக்கே வந்துவிட்டதைக் கேட்டுப் பையனின் முகம் மாறியது.

மூன்றாமவர் தமிழர், அறுபதைத் தாண்டியவர். அவர்தான் நிதானமாகப் பேசினார்.

“வெளக்கக் குடுத்துடாதீங்க. வெளக்குப் போனா சீட்டு போவும், சீட்டு போனா மணி போவும். அப்புறம் இரும்புதான் மிஞ்சும். முழுசா இருந்தா நான் 400 தரேன். நான் வாங்கி விக்கிறவன். என் லாபத்தையும் சேத்துத்தான் சொல்றேன். அவசரம் இல்லன்னா இன்னும் நாலு பேருகிட்ட காட்டுங்க.”

சந்தையில் ஒரு வியாபாரியே இப்படிச் சொல்வது அபூர்வம். அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. பழைய சைக்கிளைப் பிரித்து விற்றால் முதல் இரண்டு சாமான்களுக்கு நல்ல காசு வரும். மிச்சத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். சேகரிப்பவர் தேடுவது, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அதற்கு மிக அருகில் இருக்கும் வண்டியை. ஒவ்வொரு சாமான் கழன்று போகும்போதும் அந்த வண்டி கூட்டத்தில் ஒன்றாகிவிடுகிறது.

ஹப்பில் எழுதியிருக்கும் தேதி

அவரே ஒரு சைக்கிள் கடைக்கு வழி சொன்னார். பழைய கடைவீடு ஒன்றின் ஐந்தடிப் பாதையில் எழுபது வயதுச் சீனப் பெரியவர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விலை கேட்டோம். அவர் விலை சொல்லவில்லை. ஒரு கந்தல் துணியை எடுத்துப் பின்சக்கர ஹப்பைத் துடைத்தார். 60 வருட அழுக்கு கறுப்பாகத் துணியில் வந்தது. அடியில் எழுத்துகள் தெரிந்தன. ஸ்டர்மி ஆர்ச்சர். பக்கத்தில் ஏ.டபிள்யூ. அதற்கும் பக்கத்தில் 60, பிறகு 4.

“1960. ஏப்ரல்” என்றார் மலாயில். பையன் வாயைப் பிளந்தான்.

இது மந்திரம் இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்புகளில் செய்த ஆண்டையும் மாதத்தையும் பொறிப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். ஏ.டபிள்யூ என்பது 1936-இல் அறிமுகமான வகை. மூன்று கியரும் ஹப்புக்கு உள்ளேயே அடங்கியிருக்கும். மழையும் மணலும் உள்ளே போகாது. ஓரத்தில் எண்ணெய் விடச் சின்ன மூடி உண்டு. சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும். செம்மண் தடங்களில் ஓட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான கியர் ஏது?

பெரியவர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார். ஹப்பின் தேதி சக்கரத்தின் தேதிதான். சக்கரத்தை எப்போதாவது மாற்றியிருந்தால் வண்டிக்கு வேறு வயது இருக்கலாம். அதனால் ஒன்றை மட்டும் பார்க்கக் கூடாது, எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் பார்த்தார். கம்பி பிரேக், செயினை முழுவதும் மூடிய கவர், மட்கார்டு எல்லாம் ஒரே காலத்தவை. டயரும் பெடலும் மட்டும் பிறகு மாற்றியவை. அவை தேயும் பொருள்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நடு அச்சைச் சுற்றிப் பார்த்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். ராலே தன் வண்டிகளுக்கென்று தனி மரை வைத்திருந்தது. ஓர் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற ஆங்கிலச் சைக்கிள்களில் பெரும்பாலும் 24. அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண அச்சுக் கிண்ணம் ராலேயில் ஏறாது. பழைய ராலேயின் உள்சாமான்களைக்கூட ஆட்கள் தேடி வாங்குவது இதனால்தான்.

“பெயிண்ட் அடிக்கலாம்னு இருந்தேன், அங்கிள். பளபளன்னு இருந்தா நல்ல விலைக்குப் போகும்ல?” என்று பையன் கேட்டான். நான் அதை மலாயில் சொன்னேன். பெரியவர் தலையை இருபக்கமும் ஆட்டினார். கையால் தண்டைத் தடவிக் காட்டினார். மங்கிய தங்கக் கோடுகள், பாதி அழிந்த எழுத்துகள். தொழிற்சாலையில் ஒட்டியவை. புதுப் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டால் அவை திரும்பி வராது. துரு பிடித்த வண்டியை நாளைக்குச் சுத்தம் செய்யலாம், அழித்துவிட்ட எழுத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

துடைத்ததற்கும் எண்ணெய் விட்டதற்கும் பிரேக் இறுக்கியதற்கும் 10 வெள்ளி வாங்கிக்கொண்டார். கிறீச் சத்தம் அதோடு நின்றது.

நாரை, கை, ஐந்து மனிதர்கள்

கடையிலேயே இன்னொருவர் காத்திருந்தார். ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர். தன் ஹம்பரைச் சரிபார்க்கக் கொண்டுவந்திருந்தார். ‘பாசிக்கல் துவா’, அதாவது பழைய சைக்கிள், மலேசியாவில் பலருக்கு ஒரு பித்து. விடுமுறை நாள்களில் சங்கம் சங்கமாக, அந்தக் காலத்து உடையும் தலைப்பாகையும் அணிந்து ஊர்வலம் போவார்கள். பாக்சிக் அப்படிப்பட்டவர்.

பழைய சைக்கிளை எப்படிப் படிப்பது என்று பெடலோடு சுற்றும் பற்சக்கரத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். ராலேயாக இருந்தால் பற்சக்கரத்தின் நடுவில் நாரை உருவம் வெட்டியிருக்கும். ரட்ஜ் என்றால் விரித்த கை. பி.எஸ்.ஏ என்றால் அந்த மூன்று எழுத்துகளே. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த நிறுவனம் அது, சின்னத்திலும் மூன்று துப்பாக்கிகள்தாம். ஹம்பரில் வட்டமாக ஐந்து மனித உருவங்கள். ஹம்பரின் முன் கவையைப் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம், பக்கத்துக்கு இரண்டு குழாய்களாக இறங்கும்.

வெவ்வேறு பெயர்களாகத் தெரிந்தாலும் இவை ஒரே குடும்பமாகிவிட்டவை. ராலே 1932-இல் ஹம்பர் சைக்கிளை வாங்கியது, 1943-இல் ரட்ஜை, 1957-இல் பி.எஸ்.ஏ சைக்கிளை. எங்கள் வண்டி செய்த 1960-இல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு இணைந்தது. அந்த நிறுவனம்தான் 1949-இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து மதராஸில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ என்று ஓடிய வண்டிகள் அங்கே அம்பத்தூரில் செய்தவை. ஆகவே பெயரை மட்டும் பார்த்து இங்கிலாந்து வண்டி என்று முடிவு செய்ய முடியாது. நல்ல சைக்கிள்தான், ஆனால் சேகரிப்பவர் அதற்கு வேறு விலை சொல்வார்.

போருக்கு முந்திய வண்டிகள் இங்கே ஏன் குறைவு என்றும் கேட்டேன். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, தீபகற்பம் முழுவதும் சைக்கிளில் தெற்கே இறங்கி, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைப் பிடித்தது. போகிற வழியில் பொதுமக்களின் சைக்கிள்களையும் பறித்துக்கொண்டது. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அதைத் தாண்டிப் பிழைத்த வண்டிகளே இன்று கிடைப்பவை.

பேசிக்கொண்டே பாக்சிக் ராலேயின் பின் மட்கார்டில் கண்ணை ஓட்டினார். அங்கே திருகி வைத்த சின்ன உலோகத் தகடு. ஒரு காலத்தில் உள்ளாட்சி மன்றங்கள் சைக்கிளுக்கும் உரிமம் கொடுத்து வந்தன. அதன் அடையாளத் தகடு அது. “இதைக் கழற்றாதே” என்று பையனிடம் சொன்னார். தாத்தா எங்கே வேலை பார்த்தார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்டார். பையனுக்குத் தோட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்திருந்தது.

“அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வை. அவர் சைக்கிளோடு நிற்கும் படம் இருந்தால் அதையும் சேர்த்து வை. நாளைக்கு நீ விற்றாலும் அதையும் கொடுத்துவிடு.”

ஒரே மாதிரி இரண்டு ராலேக்கள் வந்தால், யார் ஓட்டியது என்று தெரிந்த வண்டிக்கே கூடுதல் விலை கொடுப்பாராம். சின்னத் தகடுகளும் ஸ்டிக்கர்களும் இப்போது புதிதாகவே அச்சாகி விற்பனைக்கு வருகின்றன. போலி வண்டிகள் பெருகும்போது, உண்மையான வண்டியின் வரலாறுதான் அதற்குச் சாட்சி.

கடைசியில் அவரும் விலை சொன்னார். 900 ரிங்கிட். அன்றைக்கே கொடுக்கத் தயார்.

சுவரில் நிற்கும் சைக்கிள்

லெபோ சூலியா வழியாகத் திரும்பினோம். தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கிய தெரு. இன்று சுற்றுப்பயணிகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகள் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து லெபோ ஆர்மேனியன். பினாங்கில் மிக அதிகமாகப் படம் பிடிக்கப்படும் சைக்கிள் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, அவர்கள் ஏறிப் போவதற்கு நிஜமான பழைய சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்திவிட்டார். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ராலேயையும் நாலு பேர் படமெடுத்தார்கள். எதிரே உள்ள காப்பிக் கடை ஒன்றிலிருந்து ஓர் இளம்பெண் வந்து விற்பனைக்கா என்று கேட்டார். கடைச் சுவரில் மாட்ட வேண்டுமாம். ஓடுமா என்று கேட்கவில்லை, எந்த வருடம் என்றும் கேட்கவில்லை. “300 ஓகேவா? செயின் கவர் வேண்டாம், கழட்டிடலாம்” என்றார்.

அப்போதுதான் எனக்குக் கணக்கு பிடிபட்டது. பழைய சைக்கிளுக்கு மூன்று சந்தைகள் இருக்கின்றன. சுவர் விலை: பழசாகத் தெரிந்தால் போதும், எந்தப் பழசும் சரி. சாலை விலை: நன்றாக ஓட வேண்டும், உதிரி கிடைக்க வேண்டும். சேகரிப்பு விலை: முழுமையும் சான்றும் வேண்டும். இரும்பு விலை இவை எல்லாவற்றுக்கும் அடியில். ஒரே காலையில் அதே ராலே 150-லிருந்து 900 வரை ஏறியது. வண்டியில் மாறியது துடைத்த ஹப் மட்டும்தான். எங்கள் கையில் சேர்ந்தது அதைப் பற்றிய விவரம்.

இவை அன்று அந்த வண்டிக்குக் கேட்ட விலைகள். எல்லா ராலேக்கும் பொருந்தாது. ராலே கோடிக்கணக்கில் செய்து உலகமெங்கும் அனுப்பிய சைக்கிள். பழையது என்பதாலேயே எதுவும் புதையலாகிவிடாது. பெயிண்ட் அடித்து, விளக்கு போய், சக்கரம் மாறிய வண்டி சுவருக்குத்தான் போகும்.

2020-இல் வாங்கியது

லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் சாப்பிட்டுவிட்டு, கடைசியாக ஒரு நவீன சைக்கிள் கடைக்கு ரோடு பைக்கைக் கொண்டுபோனோம். குளிர்சாதனக் கடை, கண்ணாடிக் கதவு. கடை இளைஞர் கணினியைப் பார்த்துவிட்டு 1,300 என்றார். நேரடியாக ஆள் பிடித்து விற்றால் 1,600, 1,700 வரை கிடைக்கலாம் என்றும் நேர்மையாகச் சொன்னார். 4,200 எங்கே, 1,300 எங்கே. பையன் பேசாமல் நின்றான்.

கப்பலில் கேட்காமல் விட்ட ‘ஏன்’ என்ற கேள்வியை இவரிடம் கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். முதலாவது, 2020-இல் உலகமே சைக்கிள் வாங்க ஓடியது. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. சரக்கு இல்லாததால் கேட்ட விலைக்கு வாங்கினோம். பிறகு கடைகளெல்லாம் ஒரேயடியாக ஆர்டர் கொடுத்தன. சரக்கு வந்து இறங்கியபோது வாங்குபவர்களின் ஆர்வம் தணிந்துவிட்டது. புதுவண்டிகளே தள்ளுபடிக்கு வந்தபோது பழைய வண்டியை யார் வாங்குவார்?

இரண்டாவது, தொழில்நுட்பம் நகர்ந்துவிட்டது. அந்த வண்டியில் இருப்பது 11 கியர் ஷிமானோ 105, ரிம் பிரேக். 2022-இல் 105 வரிசை 12 கியருக்கு மாறியது, அதுவும் டிஸ்க் பிரேக்கோடு. பழையது நன்றாகவே ஓடும். ஆனால் வாங்குபவர் அடுத்த வருட உதிரியைப் பற்றி யோசிக்கிறார். பிராம்ப்டனுக்கு நேர் எதிரான நிலைமை இது.

மூன்றாவது, தெரியாத பயம். இரண்டாம் கை ரோடு பைக் விழுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இந்த வண்டியின் தண்டு அலுமினியம், பரவாயில்லை. கார்பன் தண்டாக இருந்தால் பெயிண்டுக்குள் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும், விலை இன்னும் சரியும். தலைக்கவசத்தை இரண்டாம் கையாக வாங்கவே கூடாது என்றார். ஒரு தடவை அடிபட்டதும் அதன் உள்நுரை தன் வேலையை முடித்துவிடும், மேலே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும்.

விற்பதானால் என்ன செய்யலாம் என்றும் சொன்னார். வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள். அடியில் நடு அச்சுப் பெட்டியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் படமெடுங்கள். இரண்டும் இருந்தால் திருட்டு வண்டி இல்லை என்ற நம்பிக்கை வரும். செயினைச் சுத்தம் செய்யுங்கள், கீறலை மறைக்காமல் காட்டுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஒரு மாதத்துக்கு உண்டான விலை குறையும்.

எதை முதலில் விற்பது

சாயங்காலக் கப்பலில் பையன் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் 4,200, 1,300. மறுபக்கம் 150, 300, 400, 900.

“அண்ணே, அம்மா கணக்கு தலைகீழா இருக்கு” என்றான். “அவங்க வெச்சுக்கணும்னு நெனச்சது எறங்கிக்கிட்டே இருக்கு. விக்கணும்னு நெனச்சது எறங்கல.”

அதைத்தான் அக்காவிடம் சொன்னோம். அவர் முதலில் நம்பவில்லை. புதுசு, வெளிநாட்டுக் கியர், இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொடுத்த காசு திரும்பாது என்பதை ஏற்றுக்கொள்ள யாருக்கும் நேரம் பிடிக்கும். அக்காவின் கணவர்தான் கடைசியில் எழுந்துபோய் ரசீதைத் தேடி எடுத்துவந்தார்.

இரண்டு வாரத்தில் ரோடு பைக் 1,600 ரிங்கிட்டுக்குப் போனது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் நேரில் வந்து ஓட்டிப் பார்த்து வாங்கிப் போனார். மடிக்கணினி விலையில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மிச்சத்தை அக்கா சமாளித்துக்கொண்டார்.

ராலேயை அவர்கள் விற்கவில்லை. பாசத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். பாக்சிக்கின் 900 வெள்ளி இன்னும் அப்படியே இருக்கிறது, வேண்டும்போது கூப்பிடச் சொல்லித் தொலைபேசி எண் கொடுத்திருக்கிறார். இறங்காத பொருளை விற்க அவசரம் எதற்கு? அடுத்த பருவக் கட்டணத்துக்குத் தேவைப்பட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அக்காவின் இப்போதைய கணக்கு. அதுவரை வெயிலும் மழையும் படாமல், டயரில் காற்றோடு, வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. தாத்தா எந்தத் தோட்டத்தில் எந்த வருடத்திலிருந்து கிராணியாக இருந்தார் என்று அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் ஒரு கறுப்புச் சைக்கிள் சாய்ந்து கிடக்கலாம். பெயிண்ட் டப்பாவைத் தொடாதீர்கள். விளக்கை மட்டும் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பழைய துணியை எடுத்துப் பின்சக்கர ஹப்பைத் துடைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது யார் வண்டி என்று தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். இரும்புக்காரர் அடுத்த வாரமும் வருவார். அவருக்குப் பதில் சொல்ல அவசரமில்லை.